நூலகத்தில் நம் வீட்டுக் குரலைக் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

காசிமேட்டுக்காரன்:
மூன்று வாரமாகச் சரியாகத் தூக்கமில்லை, அதனால் எழுதுகிறேன். பெரிய வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டை எங்கள் தாத்தாவிடம் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். மீன்பிடித் துறைமுகம் வருவதற்கு முந்தைய கதை. அந்த ஒலிநாடா ஓர் ஆவணக் காப்பகத்தில் இருப்பது தெரிந்து நைனாவுடன் போனேன். அட்டையில் ‘மீனவர் பாடல், ஆண் குரல், சென்னை’ என்று மட்டும். பதிவு செய்தவர் பெயர் உண்டு, பாடியவர் பெயர் இல்லை. ஏலேலோ என்று இழுத்த குரல் நடுவில் இருமியது. பின்னால் ஒரு பெண் குரல், “கஞ்சி ஆறிப்போகும்” என்றது. நைனா ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, “அம்மா” என்றார். நான் ஆயாவைப் பார்த்ததே இல்லை. பிரதி கேட்டோம். பதிவு செய்தவரின் அனுமதிக் கடிதம் வேண்டுமாம். அவர் காலமாகிவிட்டார்.

வியாசர்பாடி மகள்:
பிரதி தராதது கொடுமைதான். ஆனால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள் என்று யாரும் தொடங்க வேண்டாம். ஒரு மாணவி வந்து அம்மாவிடம் ஒப்பாரி கேட்டாள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவார்களா? அம்மா தெருமுனைப் புங்கமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து, என் தம்பிக்குப் பாடியதைப் பாடினாள். கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள். அடுத்த ஆண்டு அந்தப் பாட்டு, தம்பி பெயரோடு, முன்பின் தெரியாதவர்களின் கைப்பேசிகளில் ஓடியது. அதன்பின் அம்மா பாடவில்லை.

கொண்டித்தோப்பு வாசகன்:
சகோதரி, பூட்டிவைத்தால் எதுவும் மிஞ்சாது. எங்கள் பகுதியில் இரத்தின நாயகர் அச்சிட்ட பெரிய எழுத்துக் கதைகள் வீட்டுக்கு வீடு இருந்தன. எங்கள் நல்லதங்காள் கதையைக் கரையான் தின்றது. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் அதை மறுபடி பார்த்தபோது, கிணற்றடிப் படத்தைத் தாண்டிப் புரட்ட முடியவில்லை.

கேசட் வைத்திருப்பவர்கள் முதலில் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். பிறகு அதன்மேல் யாரும் தவறுதலாகச் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட முடியாது. வெயில், ஈரம், காந்தம் மூன்றுக்கும் தள்ளி வையுங்கள். கணினிக்கு மாற்றும்போது எம்பி3 போதாது, ஒலியைச் சுருக்காத 24 பிட் வேவ் (WAV) கோப்பாக எடுங்கள். சிறிய கோப்பைப் பிறகு உண்டாக்கிக்கொள்ளலாம், விட்டுப்போன ஒலி திரும்பாது. பாடியவர் பெயர், ஊர், நாள், எதற்காகப் பாடியது, யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது, எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும்.

வியாசர்பாடி மகள்:
யார் கேட்கலாம் என்று எழுதச் சொல்கிறீர்களே, நான் சொன்னதும் அதைத்தான். அம்மாவிடம் யாரும் அதைக் கேட்கவில்லை.

காசிமேட்டுக்காரன்:
அட்டையில் தாத்தா பெயரைச் சேர்க்க மனு கொடுத்துவிட்டேன். ஆயா பெயரையும் எழுதினேன். “அவர் பாடவில்லையே” என்றார் மேசையில் இருந்தவர். வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன். நைனாவும் வருகிறார்.