14 ஹோஸ்ட், 14 ஸ்விட்ச்: எல்லாத்தையும் விசென்டர்ல ஒண்ணாக்கிடலாமா?

கேபிள்முடிச்சு:
எங்ககிட்ட 14 இ.எஸ்.எக்ஸ்.ஐ ஹோஸ்ட் (வி.எம்னு சொல்ற மெய்நிகர் கணினிகளை ஓட்டுற வி.எம்வேர் சர்வர்). ஒவ்வொண்ணுலயும் தனித்தனி ஸ்டாண்டர்டு ஸ்விட்ச் (அந்த ஹோஸ்ட்ல இருக்கற வி.எம்களை நெட்வொர்க்கோட இணைக்கிற மென்பொருள் ஸ்விட்ச்). போன வாரம் ஒரு வி.எம்மை 9ஆம் ஹோஸ்டுக்கு வி-மோஷன் பண்ண (ஓடிக்கிட்டிருக்கும்போதே நகர்த்த) பார்த்தேன், நகர மாட்டேன்னுடுச்சு. ஒரு மணி நேரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசில பார்த்தா, மத்த 13லயும் போர்ட் குரூப் (வி.எம்கள் இணையுற, ஒரே செட்டிங் உள்ள போர்ட் தொகுப்பு) பேரு "புரொட்-120". அங்க மட்டும் யாரோ நடுக்கோட்டை விட்டுட்டு "புரொட் 120"னு அடிச்சிருக்காங்க. எல்லா ஹோஸ்டுக்கும் சேர்த்து விசென்டர்ங்கிற மேலாண்மை சர்வர்ல ஒரே இடத்துல அமைக்கிற டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சுக்குப் போயிடலாம்னு இருக்கேன். லைசென்ஸ் இருக்கு. என்ன சொல்றீங்க?

இரவுஷிப்ட்:
இதுக்கு யோசனை வேறயா? 2009ல விஸ்பியர் (இந்த வி.எம்வேர் மென்பொருள் தொகுப்பு) 4லயே வந்த வசதி. போர்ட் குரூப்பை விசென்டர்ல ஒரு தடவை போட்டா 14லயும் வந்துடும். எல்.ஏ.சி.பி (பல கேபிளை ஒரே இணைப்பாக்குறது), எல்.எல்.டி.பி (எதிர்ல எந்த ஸ்விட்ச் இருக்குன்னு காட்டுறது) ரெண்டும் இதுலதான் உண்டு, ஸ்டாண்டர்டுல அதே மாதிரி சிஸ்கோவோட சி.டி.பி மட்டும்தான். சிஸ்கோ இல்லாத ஸ்விட்சா இருந்தா எந்த கேபிள் எங்க போகுதுன்னு ரேக்குக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுத் தேடணும்.

பழையகை:
தம்பி, ஒரு தடவை போட்டா 14லயும் வரும்ங்கிறது தப்புக்கும் சேர்த்துத்தான். நான் வேலை பார்த்த ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) விலான் (நெட்வொர்க்கைத் தனித்தனியாப் பிரிக்கிறது) நம்பர் 210ஐ 201னு அடிச்சு ஓகே கொடுத்தாச்சு. அடுத்த நொடி அந்த போர்ட் குரூப்ல இருந்த அத்தனை வி.எம்மும் அவுட். ஸ்டாண்டர்டா இருந்தா ஒரு ஹோஸ்டோட போயிருக்கும்.

இரவுஷிப்ட்:
தப்பானா தானே பழைய செட்டிங்குக்குத் திரும்புற ரோல்பேக் விஸ்பியர் 5.1லேர்ந்தே இருக்கே அண்ணே?

பழையகை:
அது எதைக் காப்பாத்தும்? ஹோஸ்டுக்கும் விசென்டருக்கும் உள்ள தொடர்பு அறுந்தாத்தான் பழையபடி திருப்பும். வி.எம் டிராஃபிக் செத்தா அதுக்குத் தெரியவே தெரியாது. அன்னைக்கு விசென்டர்ல எல்லா ஹோஸ்டும் பச்சையாத்தான் இருந்துச்சு, போன்தான் ஓயலை.

இரவுஷிப்ட்:
சரி, அதைத் திருத்தினது எத்தனை இடத்துல? ஒரே இடத்துலதானே!

பழையகை:
அது நியாயம்தான், ஒத்துக்கறேன். ஆனா விசென்டரே விழுந்தா?

இரவுஷிப்ட்:
விழுந்தாலும் பாக்கெட் ஓடும். ஒவ்வொரு ஹோஸ்டும் தன் பங்கு கான்ஃபிகை உள்ளூர்லயே வச்சிருக்கும். புதுசா மாத்தத்தான் முடியாது.

பழையகை:
அந்த "மாத்த முடியாது"லதான் வினையே. விசென்டரும் ஒரு வி.எம்தான். அதை பேக்கப்லேர்ந்து வேற ஹோஸ்டுல ரெஸ்டோர் பண்றீங்கன்னு வைங்க. போர்ட் குரூப் ஸ்டேட்டிக் பைண்டிங்கா இருந்தா போர்ட் ஒதுக்க விசென்டர் வேணும். விசென்டர் எழுந்திருக்க போர்ட் வேணும். சாவி பீரோவுக்குள்ள, பீரோ பூட்டியிருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு அப்லிங்கை (வெளி நெட்வொர்க்குக்குப் போற கார்டை) கழட்டி, தற்காலிகமா ஸ்டாண்டர்டு ஸ்விட்ச் கட்டி, விசென்டரை அதுல தூக்கிப் போட்டு மீட்டிருக்கேன்.

இரவுஷிப்ட்:
எபிமெரல் போர்ட் குரூப் (விசென்டர் இல்லாம ஹோஸ்டே போர்ட் ஒதுக்குறது) ஒண்ணு முன்னாடியே போட்டு வச்சிருந்தா ஹோஸ்ட்லேர்ந்தே இணைச்சிருக்கலாமே! அது ஸ்விட்சோட குத்தம் இல்லையே அண்ணே.

லூப்சாமி:
நடுவுல வரேன். ஸ்டாண்டர்டையே வச்சுக்கிட்டு பவர்சி.எல்.ஐ (வி.எம்வேரோட கட்டளைக் கருவி) ஸ்கிரிப்ட் போடலாமே? ஹோஸ்ட் ஹோஸ்டா ஓட விட்டா, முதல்லயே தப்பு தெரிஞ்சு நிறுத்திக்கலாம்.

இரவுஷிப்ட்:
உருவாக்குறது சரி. நாளைக்கு ஒருத்தர் 9ஆம் ஹோஸ்டுக்குள்ள நேரா போய்க் கையை வச்சா? அந்த நடுக்கோடு அப்படித்தானே காணாமப் போச்சு.

லூப்சாமி:
தினமும் காலைல ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஸ்கிரிப்ட்.

பழையகை:
அந்த ஸ்கிரிப்டை எழுதினவர் வேலையை விட்டுப் போனதும் அதுவும் பூட்டின பீரோதான்.

கேபிள்முடிச்சு:
ஹோஸ்டுக்கு 4 நெட்வொர்க் கார்டு இருக்கு. மேனேஜ்மென்டும் விசென்டரும் 2 கார்டோட ஸ்டாண்டர்டுலயே இருக்கட்டும். மீதி 2ல வி.எம்கள் மட்டும் டிஸ்ட்ரிபியூட்டட். சரியா வருமா?

இரவுஷிப்ட்:
வரும். ஒவ்வொரு மாத்தத்துக்கும் முன்னாடி ஸ்விட்ச் கான்ஃபிகை எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க, ஒரு ஜிப் ஃபைல்தான். விசென்டர் ஓடுற டேட்டாஸ்டோர்ல (வி.எம் ஃபைல்கள் இருக்கற சேமிப்பிடம்) மட்டும் வைக்காதீங்க.

பழையகை:
210, 201 மாதிரி விலான் நம்பர் பார்க்க ஒரே மாதிரி இருந்தா ஓகே அமுக்குறதுக்கு முன்னாடி இன்னொருத்தரையும் கூப்பிட்டுக் காட்டுங்க. எனக்கு இப்பவும் மனசு ஒப்பலை. ஆனா 9ஆம் ஹோஸ்ட்லேர்ந்து ஆரம்பிங்க, அதுதான் ஏற்கெனவே கெட்டுக் கிடக்கே.