முதல் சண்டையே சாம்பியனோடு: உங்கள் நினைவில் நிற்பது எது?

பாலைவாசி, ரியாத்

2023 அக்டோபர் 28 அன்று டைசன் ஃப்யூரியும் ஃபிரான்சிஸ் நகானுவும் குத்துச்சண்டையில் மோதியது எங்கள் ஊரில்தான் என்றாலும், நுழைவுச்சீட்டின் விலை எங்கள் சம்பளத்துக்கு எட்டாததால், ஐந்து பேர் ஒரு கைபேசியைத் தண்ணீர்க் கேனில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். எங்களோடு காவல் பணியில் இருந்த கேமரூன் நாட்டவரிடம், "உங்கள் ஆள் மூன்று சுற்றுக்கு மேல் தாங்கமாட்டார்" என்று மாலையிலேயே சொல்லியிருந்தேன். நகானு, குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த கலப்புச் சண்டையில் (எம்.எம்.ஏ.) கொடிகட்டிப் பறந்தவர் என்பது எனக்குத் தெரியும்; ஆனால் தொழில்முறைக் குத்துச்சண்டையில் அன்றுதான் முதன்முதலாகக் களமிறங்கினார், எதிரே நின்றவரோ அதுவரை தோல்வியையே காணாத உலக சாம்பியன்.

அதே மூன்றாவது சுற்றில், முன்னேறி வந்த ஃப்யூரியின் தலையின் பக்கவாட்டில் நகானுவின் இடது ஹுக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) விழுந்தது, ஃப்யூரி தரையில் கிடந்தார். அறையில் எல்லோரும் கத்தினோம். அந்தக் கேமரூன்காரர் மட்டும் கத்தவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, நடுவர் எண்ண எண்ண, தாமும் தாழ்ந்த குரலில் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டிருந்தார். ஃப்யூரி எழுந்துவிட்டார், பத்துச் சுற்றும் முடிந்தன, தீர்ப்பும் ஃப்யூரிக்கே போனது. விளக்கை அணைக்கும்போது கேமரூன்காரர் என்னைப் பார்த்து, "மூன்று சுற்று" என்று மட்டும் சொன்னார். என்னைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு பகல் கொள்ளை.

கூடல்நகரான், மதுரை

கொள்ளை என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன், பாலைவாசி. நானும் அன்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் மதிப்பெண் போட்டேன். ஆறாவது சுற்றுக்கு யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் பேனா தாளின்மேலேயே நின்றுவிட, அடுத்த சுற்றின் மணி அடித்த பிறகும் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9, கீழே விழுந்து தோற்றால் 8 என்பது கணக்கு. ஃப்யூரி ஆறு சுற்றுகளையும் நகானு நான்கு சுற்றுகளையும் வென்றதாகக் கொண்டால், அந்த வீழ்த்தலையும் சேர்த்தே ஃப்யூரிக்கு 95, நகானுவுக்கு 94 வரும். களத்துக்கு வெளியே மதிப்பெண் போடும் மூன்று நடுவர்களில் ஒருவர் கொடுத்தது அதைத்தான். சுற்றுகளை ஐந்துக்கு ஐந்தாகப் பிரித்தால் அதே 95-94 நகானு பக்கம் திரும்பிவிடும். இன்னொரு நடுவர் அப்படித்தான் கொடுத்தார். மூன்றாமவர் 96-93 என்று ஃப்யூரிக்கு எழுதினார், அதில்தான் எனக்கு மனத்தாங்கல். மற்றபடி, என் தாளில் வெறுமையாக நின்ற அந்த ஒரே கட்டம் போன்ற ஒன்றில் தீர்ப்பு புரண்டிருக்கிறது, அவ்வளவே. என் கட்டம் இன்றுவரை வெறுமையாகத்தான் இருக்கிறது.

ராயபுரத்தான், சென்னை

இதை இதுவரை நடக்காத ஒன்றைப் போல நீங்கள் இருவரும் எழுதுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் (மிகுந்த எடைப் பிரிவு) குத்துச்சண்டைத் தங்கம் வென்ற பீட் ராடமாக்கர், 1957 ஆகஸ்ட் 22 அன்று சியாட்டிலில், தம் முதல் தொழில்முறைச் சண்டையிலேயே உலகப் பட்டத்துக்காக அன்றைய சாம்பியன் ஃப்ளாய்ட் பேட்டர்சனோடு மோதினார். பேட்டர்சனை இழுத்துவர ராடமாக்கரின் ஆதரவாளர்கள் இரண்டரை லட்சம் டாலர் உறுதியளிக்க வேண்டியிருந்தது. ஃப்யூரி சண்டையில் பட்டம் பணயத்தில் இல்லை என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

எனக்குப் பயிற்சி அளித்த வாத்தியார் அந்தச் சண்டையின் கறுப்பு வெள்ளைப் படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டியபோது, இரண்டாவது சுற்றில் பேட்டர்சன் கீழே விழும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, "இப்போது யாரைப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் ராடமாக்கரைச் சொன்னோம். அவர் விழுந்தவரைக் காட்டினார். பேட்டர்சன் அவசரப்படாமல் எழுந்தார். அதன் பிறகு ராடமாக்கர் எத்தனை முறை தரையைத் தொட்டார் என்பதை எண்ணுவதை நாங்கள் பாதியில் விட்டுவிட்டோம், ஆறாவது சுற்றில் எல்லாம் முடிந்தது. அடுத்த ஆண்டு தம் இரண்டாவது சண்டையிலும் ஸோரா ஃபோலியிடம் நான்காவது சுற்றிலேயே ராடமாக்கர் வீழ்ந்தார். என் பார்வையெல்லாம் ராடமாக்கர் மீதே இருந்ததை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன்.

கோவைத் தோழி

என் கதை சிறியது. 2017 ஆகஸ்ட் 27 காலையில், நகானுவைப் போலவே கலப்புச் சண்டையிலிருந்து வந்து முதன்முதலாகக் குத்துச்சண்டையில் இறங்கிய கானர் மெக்ரிகர், தோல்வியே காணாத குத்துச்சண்டைக்காரர் ஃப்ளாய்ட் மேவெதரை முதல் சுற்றில் ஓர் அப்பர்கட்டால் (கீழிருந்து மேலே வீசும் குத்து) தொட்டதைக் கண்டதும், அவர் வெல்வார் என்று மாமாவிடம் இரண்டாயிரம் ரூபாய் பந்தயம் கட்டினேன். பத்தாவது சுற்றில் நடுவர் குறுக்கே புகுந்து சண்டையை நிறுத்தியபோது மாமா ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார்.

இனி இப்படிப்பட்ட சண்டைகளைப் பார்ப்பவர்கள் தயவுசெய்து கைகளைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். நான்காவது சுற்றுக்குப் பிறகு மெக்ரிகரின் வாய் திறக்கத் தொடங்கியதை மாமா கவனித்திருக்கிறார், நான் கவனிக்கவில்லை. முதல் மூன்று சுற்றுகளில் சாம்பியன் அதிகம் குத்தவில்லை என்றால் அவர் திணறுகிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவர் எதிராளியின் காற்றை இறக்கிக்கொண்டிருக்கலாம். இடைவேளையில் முக்காலியில் உட்காருபவரின் தோள் ஏறி இறங்குவதைப் பாருங்கள், கால்கள் அகன்றுகொண்டே போகின்றனவா என்று பாருங்கள், வர்ணனையாளரின் குரலை முடிந்தால் அணைத்துவிடுங்கள். பந்தயம் கட்டவே கட்டாதீர்கள், சொந்த மாமாவிடம் நிச்சயமாகக் கூடாது. வாத்தியார் விழுந்தவரைக் காட்டியதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன், ராயபுரத்தார் மறுத்தாலும் பரவாயில்லை.

பாலைவாசி, ரியாத்

கூடல்நகரார் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. கொள்ளை என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ராயபுரத்தார் சொன்ன இரண்டாவது சண்டையைப் படித்ததும் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்தது. 2024 மார்ச் 8 அன்று, இதே ரியாத்தில், ஆன்டனி ஜோஷுவா இரண்டாவது சுற்றிலேயே நகானுவை அசைவற்றுக் கிடக்கவைத்தார். அன்று நாங்கள் பழையபடி தண்ணீர்க் கேனில் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தோம். அந்தக் கேமரூன்காரர் அறையில் இல்லை. அன்றைய இரவுப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தார்.