‘கொழும்பு’ என்ற சொல்லின் நீளம் ஏன் மாறுகின்றது?

வெள்ளவத்தை மாணவி:
வணக்கம். எங்கள் பாடசாலை நூலகப் பட்டியலைப் பைதன் 3 நிரல்மொழி கொண்டு ஒழுங்குபடுத்தி வருகின்றேன். ‘கொழும்பு’ என்ற சொல்லின் நீளம் சில வரிகளில் 8 என்றும் சிலவற்றில் 9 என்றும் வருகின்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தும், தேடும்போது பல புத்தகங்கள் அகப்படுவதில்லை. எழுத்துகளோ நான்குதான். தவறு எங்கே?

கொட்டாஞ்சேனை நிரலாளர்:
தங்கச்சி, உங்கள் நிரலில் தவறில்லை. பைதன் எண்ணுவது எழுத்துகளை அன்று, கணினி எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் யூனிகோட் குறியீடுகளை. ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம் என்பதால்தான், வெவ்வேறு விசைப்பலகைகளில் தட்டச்சான வரிகள் இவ்வாறு முரண்படுகின்றன. தேடுவதற்கு முன்னர் பட்டியலையும் தேடுசொல்லையும் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியின் ‘நார்மலைஸ்’ செயற்கூறு மூலம், பிரிந்த குறிகளை ஒன்றாக இணைக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பயனில்லை.

தெகிவளை ஆசிரியர்:
அது தேடலைச் சரிசெய்யும், ஆனால் நீளம் 8 ஆகவே நிற்கும். எழுத்தெண்ணிக்கைக்கு ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறமூல நிரலகம் உண்டு. ‘ரெஜெக்ஸ்’ தொகுதியின் எழுத்துக்கொத்து முறையும் (ஓர் எழுத்தையும் அதன் குறிகளையும் ஒன்றாக எண்ணுவது) இச்சொல்லுக்கு 4 என்றே தரும். ஆயினும் அது ‘க்ஷ’வை இரண்டாகப் பிரிக்கும் என்பதைக் கவனத்திற் கொள்ளுங்கள். பிழைத்த வரிகளை அழித்துவிடாதீர்கள், பிள்ளை. நிரலகங்களைச் செப்பனிடுவோருக்கு இத்தகைய உண்மையான சோதனைத் தரவுதான் அரிது.

வெள்ளவத்தை மாணவி:
மிக்க நன்றி அண்ணா, நன்றி சேர். இரு பக்கமும் மாற்றியதும் விடுபட்ட புத்தகங்கள் அகப்பட்டன. பிழைத்த வரிகளைத் தனிக் கோப்பாக இன்றிரவே பதிவேற்றுகின்றேன்.