மல்லிகா சித்தியின் ரிப்போர்ட்

கவிதா: அம்மாவின் மார்பகக் கட்டியின் பயாப்ஸி ரிப்போர்ட்டை மேலே அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமைதான் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அதற்குள் இரண்டாம் ஸ்டேஜ் என்று பாட்டியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

செல்வி அத்தை: நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று நீ காட்டியபோது 2 என்று போட்டிருந்தது, அதைத்தான் சொன்னேன்.

பெரியப்பா: அது கிரேடு, செல்வி, ஸ்டேஜ் அன்று. புற்றணுக்கள் எந்த அளவுக்குக் குழாய் வடிவில் அமைந்திருக்கின்றன, அவற்றின் உட்கரு எவ்வளவு உருமாறியிருக்கிறது, எத்தனை அணுக்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். மல்லிகாவுக்கு 3, 2, 1, கூட்டினால் 6. 6, 7 வந்தால் கிரேடு 2. 8, 9 வந்தால்தான் 3. ஸ்டேஜ் என்பது கட்டியின் அளவு, அக்குள் நெறிக்கட்டு, மற்ற உறுப்புகள் எல்லாவற்றையும் பார்த்துச் சொல்வது. ஊசியில் வந்த துணுக்கை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

குமார் அண்ணன்: அப்பா லேபிலிருந்து ஓய்வுபெறவே இல்லை.

செல்வி அத்தை: ஊசி குத்தினால் பரவும் என்கிறார்களே, அண்ணா? அன்றைக்கே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா: பயாப்ஸி எடுத்ததால் நோயின் போக்கு மோசமாவதாகக் கண்டறியப்படவில்லை, எடுக்காவிட்டால் என்ன மருந்து என்றே தீர்மானிக்க முடியாது. ஈஆர், பிஆர் என்பவை புற்றணுக்களில் இருக்கும் ஹார்மோன் ஏற்பிகள். ஈஆர் 90 சதவீதம், பிஆர் 60 சதவீதம் என்று இருப்பது நல்லதுதான், ஏனென்றால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது. புற்றணுக்களை வேகமாக வளரவைக்கும் ஹெர்2 என்ற புரதம் பற்றி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். இவளுக்கு வந்திருக்கும் 2+ இரண்டுங்கெட்டான் என்பதால் ஹெர்2 மரபணு அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்ய வேண்டும்.

கவிதா: மறுபடியும் ஊசியா, பெரியப்பா? அம்மா தாங்க மாட்டார்.

பெரியப்பா: வேண்டியிருக்காது, அம்மா, பெரும்பாலும் அந்தத் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் அதே மெழுகு பிளாக்கிலிருந்தே செய்துவிடுவார்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பதாக இருந்தால் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள், வெறும் காகிதம் போதாது.

செல்வி அத்தை: திங்கட்கிழமை நானும் வருகிறேன்.

கவிதா: நீங்கள் பாட்டியுடன் இருந்தால் உதவியாக இருக்கும், அத்தை.

செல்வி அத்தை: வீடு விற்றபோதும் என்னை இப்படித்தான் ஒதுக்கினீர்கள்.

பெரியப்பா: பாட்டியிடம் மாலையில் நானே விளக்குகிறேன்.

கவிதா: மதிப்பெண் கணக்கு வேண்டாம், பெரியப்பா. ஸ்டேஜ் இன்னும் தெரியாது என்று மட்டும் சொல்லுங்கள்.

குமார் அண்ணன்: காரில் நான்கு பேருக்குத்தான் இடம். யார் யார் வருகிறீர்கள்?