ரெட்டை டரட்டா, பி ஆக்சிஸா? வால்வு ஜாபுக்கு எந்த மில்-டர்ன்?

குறிச்சி_ஷாப்:
எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகு) ராடிலிருந்து வால்வு பாடி செய்கிறோம். லேத்தில் இரண்டு செட்டிங், வி.எம்.சி.யில் (செங்குத்து மில்லிங் மெஷின்) இரண்டு. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் போருக்கும் (நடுத் துளை) குறுக்குத் துளைக்கும் பொசிஷன் 0.03 மி.மீ.க்கு மேல் போய்விடுகிறது. 30 டிகிரியில் ஒரு சாய்வுத் துளை வேறு. லாட் பெரும்பாலும் 40 முதல் 60 பீஸ். ஒரே மாட்டலில் முடிக்க, லேத் வேலையையும் மில்லிங்கையும் சேர்த்தே செய்யும் மில்-டர்ன் மெஷின் பார்க்கிறேன். ஒன்று, இரண்டு ஸ்பிண்டில் (பீஸைப் பிடித்துச் சுற்றுவது), இரண்டு டரட் (பல டூல்கள் மாட்டிய சுழல் தலை), ஒய் ஆக்சிஸ். இன்னொன்று, சப் ஸ்பிண்டிலோடு (மறுபக்கம் வெட்ட பீஸை வாங்கிப் பிடிக்கும் இரண்டாவது ஸ்பிண்டில்) பி ஆக்சிஸ் மில்லிங் ஹெட் (வேண்டிய கோணத்துக்குச் சாயும் தலை), 36 டூல் மேகசின். விலை கணிசமாகக் கூடுதல். எதை எடுக்கலாம்?

சிப்_கட்டர்:
ரெட்டை டரட்தான். மெயினில் ஒரு பீஸ் ரஃபிங் ஓடும்போதே சப்பில் இன்னொன்று முடிந்துகொண்டிருக்கும். பி ஆக்சிஸ் ஹெட்டில் ஒரு நேரத்தில் ஒரு டூல்தான் வெட்டும். டூல் மாற்ற ஒவ்வொரு முறையும் ஹெட் போய்த் திரும்ப வேண்டும். டரட் கண் இமைப்பதற்குள் சுற்றிவிடும்.

பழைய_லேத்:
இரண்டும் வேண்டாம். ஒரு மெஷின் நின்றால் மொத்த ஜாபும் நிற்கும். வி.எம்.சி.யில் பீஸைத் திருப்பும் நாலாவது ஆக்சிஸ் போட்டு, சக்கில் பீஸைப் பிடிக்கும் சாஃப்ட் ஜாவை ஒழுங்காக போர் செய்து ஓட்டுங்கள்.

குறிச்சி_ஷாப்:
அதையும் செய்து பார்த்தாயிற்று அண்ணா. முதல் பத்து பீஸ் நன்றாக வரும், அப்புறம் ஜாவில் ஒரு சிப் மாட்டினால் போச்சு.

மைக்ரான்வாசி:
சைக்கிள் டைமை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். எங்களிடம் இரண்டு வகையும் ஓடுகின்றன. இதே மாதிரி ஜாபுக்கு ரெட்டை டரட்டில் பீஸுக்கு 11 நிமிடம், செட்டிங் 6 மணி நேரம். பி ஆக்சிஸில் 15 நிமிடம், செட்டிங் ஒன்றரை மணி. 50 பீஸுக்கு செட்டிங்கையும் பங்கு போட்டால் முதலாவது 18.2 நிமிடம், இரண்டாவது 16.8. லாட் 67 பீஸ் வரை பி ஆக்சிஸ்தான் முந்தும். 500 பீஸ் என்றால் நானே டரட்டைத்தான் சொல்வேன்.

அந்த 6 மணி எங்கே போகிறது என்று பாருங்கள். சாய்வு ஹோல்டரை டரட்டில் மாட்டி, டயலை வைத்து, தாமிரச் சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி 0.01க்குள் கொண்டுவரவே இரண்டு மணி நேரம். பி ஆக்சிஸில் அது புரோகிராமில் ஒரு வரி. டூல்கள் மேகசினிலேயே ஆஃப்செட்டோடு (பதிந்து வைத்த டூல் அளவு) நிற்கின்றன.

சிப்_கட்டர்:
செட்டிங் கணக்கை ஏற்கிறேன். ஆனால் இடித்தால்? எங்கள் பையன் ஒருவன் சப் ஸ்பிண்டில் ஜீரோவை (அளவு தொடங்கும் புள்ளி) மாற்றாமல் ஸ்டார்ட் கொடுத்துவிட்டான். போரிங் பார் சக் ஜாவில் மோதியது. டரட்டை மறுபடி அலைன் செய்து அன்று ராத்திரியே ஓட்டினோம். மில்லிங் ஸ்பிண்டில் வாங்கிய அடி பியரிங்கில் இறங்கினால் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும், வாரக்கணக்கில் மெஷின் நிற்கும். அந்தப் பருத்த ஹெட் இரண்டு சக்குக்கும் நடுவே சின்ன பீஸில் நுழையவும் இடம் பார்க்க வேண்டும்.

மைக்ரான்வாசி:
உண்மை. அதனால்தான் சிமுலேஷன் சாஃப்ட்வேரையும் அந்த மெஷினுக்கே எழுதிய போஸ்ட் ப்ராசசரையும் (டூல் பாதையை மெஷின் புரோகிராமாக மாற்றும் சாஃப்ட்வேர்) மெஷினோடு சேர்த்தே வாங்கச் சொல்கிறேன். பிறகு பார்க்கலாம் என்று விட்டவர்கள்தான் இடிக்கிறார்கள். டர்னிங்கின்போது மில்லிங் ஸ்பிண்டில் எப்படி லாக் ஆகிறது என்றும் கேளுங்கள். வெட்டு விசை பியரிங்கில் விழக்கூடாது. காலையில் குளிர்ந்த மெஷினில் முதல் பீஸ், மூன்று மணி நேரம் ஓடிய பின் ஒரு பீஸ், இரண்டையும் அளந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

குறிச்சி_ஷாப்:
போன வருட ஜாப் கார்டுகளை எடுத்து எண்ணினேன். 100 பீஸைத் தாண்டிய லாட் மூன்றே மூன்று. பி ஆக்சிஸ் பக்கம் சாய்கிறேன். சிப்_கட்டர் சொன்ன ஒற்றை டூல் குறைக்காக, கீழே டரட் உள்ள மாடலுக்கும் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் எங்கள் ராடு பத்தும் டிராயிங்கும் எடுத்துக்கொண்டு டெமோவுக்குப் போகிறேன். அளவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.