டிவி பொம்மை காமெடி பெரிய திரைக்குத் திரும்பினால்: மப்பெட்ஸ் 2011இல் ஜெயித்தது எப்படி?

நூலறுந்த பாவை கேட்டது:

1999க்குப் பிறகு தியேட்டர் பக்கமே வராமல் கிடந்த அமெரிக்க டிவி பொம்மைக் குழு மப்பெட்ஸ் 12 வருடம் கழித்து 2011இல் திரும்பியது. சுமார் 4.5 கோடி டாலரில் எடுத்த படம், உலக வசூல் 16 கோடிக்கு மேல். 2014இல் வந்த அடுத்த படம் 5 கோடி செலவு, வசூல் 8 கோடி அளவில் நின்றுவிட்டது. அதே தவளை கெர்மிட், அதே பன்றி பிக்கி, அதே இயக்குநர் ஜேம்ஸ் பாபின். அப்படியென்றால் எது மாறியது?

இரண்டாவது கேள்வி தொழில் சம்பந்தப்பட்டது. டிவியில் இடுப்புக்கு மேல் காட்டினால் போதும். சினிமாவில் தெருவில் நடக்கணும், சைக்கிள் ஓட்டணும். ஆட்டுபவரை எங்கே ஒளிக்கிறார்கள்? மொத்தத்தையும் கிராஃபிக்ஸில் செய்துவிட்டால் என்ன?

பின்கட்டு:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கதைக்கு முன்னால் உரிமையைப் பாருங்கள். டிஸ்னி 2004இல் மப்பெட்ஸை வாங்கியபோது செசமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியின் பாத்திரங்கள் அதில் சேரவில்லை, அவை தனி நிறுவனத்தின் சொத்து. ஒரே பட்டறையில் பிறந்த பொம்மைகள் என்றாலும் அந்த நிகழ்ச்சியின் எல்மோவை ஒரு காட்சிக்கு அழைக்கத் தனி அனுமதி வேண்டும். இதைத் திரைக்கதை எழுதும்போதே தீர்த்துக்கொள்ளாவிட்டால் படப்பிடிப்புக்கு முந்தின வாரம் வக்கீல் வந்து காட்சியை வெட்டுவார்.

அடுத்தது குரல். மப்பெட்ஸை உருவாக்கி, கெர்மிட்டை ஆட்டிவந்த ஜிம் ஹென்சன் 1990இல் இறந்த பிறகு கெர்மிட்டை ஏற்றவர் ஸ்டீவ் விட்மயர். பிக்கி, கரடி ஃபாஸி இரண்டையும் பழைய ஆட்டுபவர் ஃபிராங்க் ஆஸிடமிருந்து எரிக் ஜேக்கப்சன் எடுத்துக்கொண்டார். மிமிக்ரி தெரிந்தால் போதாது. குரல் அச்சாக இருந்து, பதில் சொல்ல எடுக்கும் இடைவெளி மட்டும் மாறினாலும் ரசிகனுக்கு உடனே உறுத்தும். அதனால்தான் குரலும் கையும் ஒரே ஆளிடம் இருக்கவேண்டும் என்கிறார்கள்.

இனி கதை. ஜேசன் சீகலும் நிக்கலஸ் ஸ்டோலரும் எழுதியதில் ஒரு நல்ல தந்திரம் இருந்தது: அந்த 12 வருட இடைவெளியை மறைக்கவில்லை, அதையே கதையாக்கிவிட்டார்கள். குழு சிதறிவிட்டது, தியேட்டர் பாழடைந்து கிடக்கிறது, அதை மீட்க 1 கோடி டாலர் திரட்டணும். ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கூட்டும்போதே, கான்ஸோ மாதிரியான பழைய பொம்மைகள் யார் என்று தெரியாத பிள்ளைகளுக்கும் அறிமுகம் முடிந்துவிடுகிறது. வால்டர் என்ற புதுப் பொம்மை வெறும் ரசிகன், அதாவது பார்வையாளரின் ஆள். 2014க்கு அந்த இடைவெளி கையில் இல்லை. கெர்மிட் மாதிரியே இருக்கும் திருடன் என்ற கதை எந்த வருடமும் வந்திருக்கலாம்.

2015இல் அலுவலகக் கிண்டல் பாணியில் டிவி தொடராக எடுத்தார்கள், 16 அத்தியாயத்தோடு முடிந்தது. பாத்திரங்களின் குணத்தையே மாற்றினால் அப்படித்தான். உலகம் மாறலாம், தவளை மாறக்கூடாது. (2011 படத்திலும் அதில் வரும் மனிதக் காதல் ஜோடிக்கு ஒதுக்கிய நேரம் அதிகம் என்பேன்.)

கீழ்த்தளம்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தோல்பாவைக்கூத்தில் ஆட்டுபவரை மறைக்கத் திரை இருக்கிறது. இங்கே அந்தத் திரை, கேமரா சட்டகத்தின் கீழ்விளிம்பு. அவ்வளவுதான் ரகசியம்.

செட்டை நாலைந்து அடி உயர்த்திக் கட்டுவார்கள். தரைப்பலகைகள் தனித்தனியாகக் கழற்றும்படி இருக்கும். பொம்மை நடக்கும் தடத்தில் பலகையை எடுத்துவிட்டால் பள்ளம். அதில் ஆட்டுபவர் கையைத் தூக்கியபடி நடக்க, கூட நடிக்கும் மனிதர் பக்கத்துப் பலகையில் கீழே பார்க்காமல் நடக்கவேண்டும். கேமராவும் விளக்கும் அதே அளவு மேலே ஏறுவதால், கூரை தாழ்வான ஸ்டூடியோ முதல் நாளே காலை வாரிவிடும். நிஜத் தெருவில் பள்ளம் தோண்ட முடியாது. அங்கே சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்தோ தாழ்வான ஸ்டூலில் குனிந்தோ உருண்டு போவார்கள், மானிட்டரும் கூடவே வரும்.

அந்த மானிட்டர் கண்ணாடி மாதிரி வேலை செய்யாது. கேமராவைப் பார்த்து நிற்பவர் பொம்மையைத் தன் வலப்பக்கம் நகர்த்தினால் படத்தில் இடப்பக்கம் போகும். புதியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். அடுத்த தவறு வாயசைப்பு. மேல்தாடை ஆடக்கூடாது, கட்டைவிரலால் கீழ்த்தாடையை மட்டும் இறக்கணும். "வணக்கம்" என்றால் வ, ணக், கம் என்று மூன்று திறப்பு. கடைசி 'ம்' வரும்போது வாய் மூடியிருக்கணும். திறந்தபடி நின்றால் பெரிய திரையில் மூட மறந்த பெட்டி மாதிரி தெரியும்.

மூன்றாவது பிரச்சினை களைப்பு. இரண்டு நிமிடக் காட்சியில் தூக்கிய கை மெல்ல இறங்கும், பொம்மை வசனம் பேசிக்கொண்டே குள்ளமாகிக்கொண்டு போகும். ஆட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. மானிட்டரில் பொம்மையின் தோள் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டிவைத்தால் கண்டுபிடித்துவிடலாம்.

ஆள் கணக்கும் போடுங்கள். கெர்மிட்டுக்கு ஒருவர் போதும்: ஒரு கை தலைக்குள், மறுகை பொம்மையின் கைகளை அசைக்கும் கம்பிகளில். ஃபாஸிக்கு வலக்கை வேறொருவர். சமையல்காரப் பொம்மை ஸ்வீடிஷ் செஃப்பின் கைகள் நிஜ மனிதக் கைகள், ஆரம்பத்தில் தலை ஹென்சன், கைகள் ஆஸ். சட்டகத்தில் ஆறு பாத்திரம் என்றால் கீழே எட்டு ஒன்பது பேர் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். தலைப்பட்டையில் மைக், வசனம் நேரடியாக அங்கேயே. காலடிச் சத்தம் பதிவாகாமல் இருக்கத் தரையில் தடித்த விரிப்பு கட்டாயம்.

முழு உடல் ஷாட் தனி. 1979இல் வந்த முதல் மப்பெட்ஸ் படத்தில் கெர்மிட் சைக்கிள் ஓட்டியது மேலே கிரேனிலிருந்து தொங்கிய நூல்களில். கார் ஓட்டும் காட்சியில் நிஜ டிரைவர் டிக்கிக்குள் உட்கார்ந்து, சின்ன டிவி பார்த்துக்கொண்டு ஓட்டினார். சதுப்பு நிலத்தில் பாடும் காட்சிக்கு ஹென்சன் தண்ணீருக்கு அடியில் ஓர் இரும்புத் தொட்டிக்குள் மானிட்டரோடு முடங்கியிருந்தார். இன்றைக்குக் கம்பியையும் ஆளையும் கணினியில் அழிக்கலாம். அதற்குக் கேமரா அசையாமல், பொம்மை இல்லாத வெற்றுச் சட்டகம் ஒன்று எடுத்தாகவேண்டும். கம்பிக்குக் குறுக்கே முடியோ இறகோ ஆடினால் அழிப்பது பெரும்பாடு.

மொத்தத்தையும் கிராஃபிக்ஸில் செய்தால் இதெல்லாம் மிச்சம்தான். ஆனால் எதிரே நிற்கும் நடிகருக்குப் பார்க்கக் கண் இருக்காது, தளத்தில் திடீரென்று பிறக்கும் பதிலடியும் இருக்காது. காமெடியின் பாதி அதில் இருக்கிறது.

நூலறுந்த பாவை:

அருமை, நன்றி. பழைய பொம்மைகளையே எடுத்து ஆட்டியிருப்பார்களா?

ஊசிநூல்:

முடியாதுங்க. உள்ளே இருப்பது பாலியூரித்தேன் நுரை. காற்றும் வெளிச்சமும் பட்டு மஞ்சளாகி, பத்திருபது வருடத்தில் விரல் வைத்தால் மாவாக உதிரும். பழையவை இப்போது அருங்காட்சியகப் பொருள். 1955இல் அம்மாவின் பழைய கோட்டுத் துணியையும் பிங்பாங் பந்தையும் வைத்து ஹென்சன் செய்த முதல் கெர்மிட் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே பேட்டர்ன் எடுத்துப் புதிதாகத் தைக்கணும், முக்கியப் பாத்திரத்துக்குக் குறைந்தது இரண்டு நகல்.

துணி, ஆன்ட்ரான் ஃப்ளீஸ் என்ற மெல்லிழை எழும்பிய நைலான். வெள்ளையாக வாங்கிச் சாயமேற்றுவார்கள். படம் முழுவதற்கும் வேண்டிய துணியை ஒரே தொட்டியில் ஒரே நாளில் போட்டுவிடுங்கள். இரண்டாம் முறை போட்டால் பச்சை சற்றே மாறும், ஷாட்டுக்கு ஷாட் தவளை நிறம் மாறும். வெட்டும்போது எல்லாத் துண்டிலும் இழை ஒரே திசையில் படுக்கணும். தையல் ஏணிப்படி மாதிரி உள்மடிப்பில் மாறிமாறி போகும், இழுத்தால் நூல் மறைந்துவிடும். பிறகு ஊசிமுனையால் இழைகளைக் கிளப்பி மேலே விட்டால் மூட்டு தெரியாது. டிவியில் மன்னிக்கப்பட்ட தையல் சினிமா குளோசப்பில் தழும்பு மாதிரி தெரியும்.

பிக்கியின் தலை செதுக்கிய நுரை, வடிவம் தானாக நிற்கும். கெர்மிட் அப்படியில்லை, உள்ளே இருக்கும் கைதான் முகம். முகம் சுளிப்பது விரல்கணு மடங்குவது. அதனால் ஆட்டுபவர் மாறினால் முகமும் கொஞ்சம் மாறும். ஆளை முடிவு செய்துவிட்டு, அவர் கையளவுக்குத் தைக்கவேண்டும்.

கடைசியாகக் கருவிழி. இரண்டும் மூக்கை நோக்கிச் சற்று உள்ளே சாயணும், அப்போதுதான் எதையோ பார்ப்பதாகத் தோன்றும். 2 மில்லிமீட்டர் வெளியே போனால் பொம்மை வெறித்துப் பார்க்கும். உடனே பசை போடாதீர்கள். இருபக்க டேப்பில் ஒட்டி, படத்தில் பயன்படுத்தப்போகும் அதே லென்ஸில் பார்த்து நகர்த்தி, சரியானதும் பென்சிலால் விளிம்பு வரைந்துகொண்டு அப்புறம் ஒட்டுங்கள்.