இரண்டாம் வருஷம் மட்டும் மார்க் சரிஞ்சிருக்கு: முதுகலை விண்ணப்பக் கட்டுரையில எப்படி எழுதணும்?

தங்கச்சிமடம் மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சிருக்கேன். கடல் சூழலியல் முதுகலைக்கு ஜெர்மனியிலயும், பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிற கடல்வளப் படிப்புக்கும் விண்ணப்பிக்கப் போறேன்.

செமஸ்டர் வரிசையா என் மார்க்: 7.8, 7.6, 5.4, 5.8, 7.9, 8.5. மூணாவதுல ரெண்டு அரியர். அஞ்சாவது செமஸ்டர்ல ரெண்டையும் முடிச்சிட்டேன்.

அந்த வருஷம் அப்பா வேலை பார்த்த விசைப்படகு எல்லை தாண்டினதா சொல்லி பிடிபட்டது. அப்பா விடுதலையாகி வந்தும் படகு வரல. அம்மாகூட நானும் கடல்பாசி எடுக்கப் போனேன், காலேஜுக்குப் போனது குறைஞ்சிருச்சு. கட்டுரை இங்கிலீஷ்லதான் போகணும், யோசிக்கிறதுக்காகத் தமிழ்ல எழுதிப் பார்த்தேன்:

“கடல் அன்னையின் மடியில் வளர்ந்த எனக்கு விதி பெரும் சோதனையைத் தந்தது. தந்தை சிறையில் வாட, தாய் கண்ணீரில் மூழ்க, குடும்பச் சுமை என் தோளில் விழுந்தது. என் மதிப்பெண்களை வைத்து என் திறமையை எடைபோட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இதை முதல் பத்தியா வைக்கலாமா?

பரமக்குடி பொறியாளர்:
இதை எழுதவே வேண்டாம்மா. சரிவை நாமளே ஏன் கைகாட்டணும்? எங்க சொந்தக்காரப் பையன் ஒரு பேப்பர்ல போனதைப் பத்தி மூச்சே விடல, கனடாவுல இடம் கிடைச்சது.

விலங்கியல் ஆசிரியர், ராமநாதபுரம்:
ஒரு பேப்பர்னா நானும் அதையேதான் சொல்வேன். இது முழுசா ரெண்டு செமஸ்டர், அரியரும் இருக்கு. மார்க் ஷீட் விண்ணப்பத்தோடயே போகுது, படிக்கிறவங்க பார்க்காம இருக்க மாட்டாங்க. காரணம் சொல்லலன்னா அவங்களே ஒண்ணை நினைச்சுக்குவாங்க: படிப்புல ஆர்வம் போயிருச்சு, பாடம் புரியல, இப்படி. அதனால சொல்லணும். ஆனா முதல் பத்தியில வேண்டாம். கட்டுரை எதைப் படிக்கப் போறீங்க, ஏன் படிக்கப் போறீங்கன்னு தொடங்கட்டும். உங்க படிப்பைப் பத்திப் பேசுற பத்தியோட கடைசியில இது வந்தாப் போதும்.

உங்களைத் தெரிஞ்ச பேராசிரியர் யாராவது பரிந்துரைக் கடிதம் தர்றாங்கன்னா, அந்த வருஷம் நடந்ததை அவங்க ரெண்டு வரி எழுதட்டும். நம்ம வாயால சொல்றதைவிட அதுக்கு மதிப்பு அதிகம். கட்டுரையில நீங்க சொல்றதும் கடிதத்துல அவங்க சொல்றதும் ஒத்துப்போகணும், அதை மட்டும் முன்கூட்டியே பேசிக்குங்க.

மண்டபத்துக்காரி, இப்போ பிரேமன்:
தங்கச்சி, முதல்ல கணக்கைப் பாரு. இங்க ஜெர்மனியில நம்ம மார்க்கை ஒரு வாய்பாட்டுல போட்டு மாத்துவாங்க: உச்ச மார்க்ல இருந்து உன் மார்க்கைக் கழி, உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால வகு, மூணால பெருக்கி ஒண்ணைக் கூட்டு. இங்க 1 சிறப்பு, 4 பாஸ். உன் சராசரி 7.2 கிட்ட வருது. பாஸ் 4ன்னா விடை 2.4, பாஸ் 5ன்னா கிட்டத்தட்ட 2.7. பல படிப்புகள் 2.5னு கோடு போட்டிருக்கும், அதனால உன் பல்கலைக்கழகத்துல பாஸ் எதுன்னு மார்க் ஷீட்ல தேடிப் பாரு. கோட்டுக்கு வெளிய இருந்தா எந்தக் கட்டுரையும் காப்பாத்தாது, வேற படிப்பைப் பார்க்கணும். 2022 நவம்பர்ல இருந்து ஏ.பி.எஸ். சான்றிதழும் (நம்ம படிப்புச் சான்றுகள் உண்மைதான்னு சரிபார்த்துத் தர்றது) கட்டாயம், அதுக்கு இப்பவே போட்டு வை.

அமெரிக்காவுக்கும் போடுறதா இருந்தா, கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் பலதுல நோக்கக் கட்டுரை தனி, சொந்த வரலாறு தனி. இந்த மாதிரி விஷயத்துக்கு அந்த ரெண்டாவதுதான் இடம்.

இப்ப உன் பத்தி. விதி, கண்ணீர், தாழ்மை எல்லாத்தையும் எடுத்துரு. நீ பட்டது பொய்னு சொல்லலம்மா. படிக்கிறவருக்கு அதுல தகவல் இல்ல. மார்க்கை வச்சு எடைபோட வேண்டாம்னு கேட்காத, கடைசி ரெண்டு செமஸ்டர் மார்க்தானே உனக்குச் சாட்சி! நான் இப்படி எழுதுவேன்:

“என் மூன்றாம், நான்காம் பருவ மதிப்பெண்கள் மற்றவற்றைவிடக் குறைவு. அந்த ஆண்டு மீனவரான என் தந்தை வேற்றுநாட்டுக் காவலில் இருந்தார். வீட்டு வருமானத்துக்காக நான் தாயுடன் கடற்பாசி எடுக்கச் சென்றேன். அடுத்த ஆண்டு நிலுவைத் தாள்கள் இரண்டையும் முடித்து, கடைசி இரு பருவங்களில் 7.9, 8.5 பெற்றேன்.”

அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு வரி சேர்த்தாலும் சாக்கு மாதிரி ஆயிரும்.

ஆனா பாசி எடுத்ததை இதோட விட்டுராத! மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பார்ல (கடலடிப் பாறைத் திட்டுல) வளரும், கட்டக்கோரைப் பாசி எந்த மாசம் அடர்த்தியா வரும்னு உனக்குத் தெரியும். மரிக்கொழுந்துல இருந்து அகர், கட்டக்கோரையில இருந்து ஆல்ஜினேட், ரெண்டும் கூழாக்கிக் கெட்டியாக்குற பொருள். வகுப்புல இதைப் படிச்சவங்க நிறைய, முங்கி எடுத்தவங்க எத்தனை பேர்? அதை இன்னொரு பத்தியில உன் அனுபவமா எழுது. ப்ராஜெக்ட் எதுல பண்ணின?

தங்கச்சிமடம் மாணவி:
பாசி வகைகள்லதான் அக்கா, பாம்பன் பக்கம்.

விலங்கியல் ஆசிரியர், ராமநாதபுரம்:
அப்போ கட்டுரையோட முதுகெலும்பே அதுதான். மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளைச் சேர்த்து 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. பாசி எடுக்கிற பெண்களுக்கு அங்க போகத் தடை. பவளப்பாறையும் பிழைக்கணும், அந்தப் பெண்களும் பிழைக்கணும்னா எவ்வளவு, எப்போ எடுக்கலாம்? இந்தக் கேள்வியில தொடங்குங்க. ஆனா பாசி எடுக்கப் போனதையே ஆராய்ச்சின்னு எழுதிடாதீங்க. வேலை வேலையாவும் ப்ராஜெக்ட் ப்ராஜெக்டாவும் இருக்கட்டும்.

தங்கச்சிமடம் மாணவி:
ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. ஒரு சங்கடம். அப்பா காவல்ல இருந்ததை வெளிநாட்டுக்கு எழுதி அனுப்புறது அவருக்குப் பிடிக்கல.

மண்டபத்துக்காரி, இப்போ பிரேமன்:
அப்போ எழுதாத. “குடும்பத்தின் ஒரே வருமானம் திடீரென நின்றது”ன்னு போடு, அதுவும் உண்மைதான். கடிதம் தர்ற சார்கிட்டயும் சொல்லிரு, அவர் பாட்டுக்கு விவரமா எழுதிடப் போறார்.

தங்கச்சிமடம் மாணவி:
ரெண்டையும் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். படகு போனதைச் சொல்லு, அதுல ஒளிக்க என்ன இருக்கு, உள்ள இருந்தது மட்டும் வேண்டாம்னார். “என் தந்தை வேலை செய்த படகு பறிபோய் வருமானம் நின்றது”ன்னு மாத்திட்டேன். சார்கிட்டயும் பேசியாச்சு. எங்க மார்க் ஷீட்ல பாஸ் 4தான். ஏ.பி.எஸ்.ஸுக்கு இந்த வாரம் போடுறேன்.